சிவப்புக் காரும் பிண ஜீப்பும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு முட்டிவலியில் தொடங்குகிறது, சர்க்கரை மாத்திரையில் கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு எப்படியோ பழைய வண்டிகளுக்கு வந்துவிடுகிறது. போன வாரமும் அப்படித்தான். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அழகு இன்றைக்கு எந்த வண்டிக்கு வரும் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், அதெல்லாம் சும்மா, பட்டாளத்து ஜீப்புக்கு ஈடே கிடையாது, மேட்டிலும் ஏறும், சேற்றிலும் போகும் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்றார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். வண்டி ஓட்டத் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. தெரியும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான். பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது, பல் கிட்டிப்போய் நின்றிருந்தேன். அங்கே சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எங்களுக்குத் திருத்தணி. மலைக்குக் கீழே, விடிந்தால் தறிச் சத்தம் கேட்கிற தெருவில் வீடு. அப்பாவை நைனா என்போம். அம்மா, நைனா, கல்யாணமாகிப் போன அக்கா, நான். அக்காவின் வீட்டுக்காரர் எனக்குப் பாவா.

முதலில் ஜீப்பைச் சொல்கிறேன், அதுதான் வயதில் மூத்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டை முடிந்ததும் ஏலத்தில் விட்ட வண்டி. கதவு கிடையாது. முன் கண்ணாடியை மடக்கி பானெட்டின் மேல் படுக்க வைக்கலாம். மேலே கித்தான், கிழிந்த இடங்களில் சாக்கு. பெட்ரோலோடு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுவாரோ என்னவோ, அது போன பிறகும் தெருவில் ஒரு நாற்றம் நிற்கும், அந்த நாற்றத்துக்குள் ஊதுவத்தியும் வாடின சாமந்தியும் இருக்கும். நூல் மூட்டை ஏற்றுவார்கள், தேர்தல் வந்தால் மைக் கட்டுவார்கள். ஆனால் அதன் முக்கியமான பிழைப்பு வேறு. அரக்கோணத்திலோ மெட்ராஸிலோ ஆஸ்பத்திரியில் யாராவது இறந்துபோனால் டாக்சிக்காரர்கள் ஏற்ற மாட்டார்கள். இந்த ஜீப்காரர்தான் ஏற்றுவார். அதற்கென்றே வண்டியின் பின்னால் நீளமாக ஒரு பலகை கிடக்கும்.

தெருப் பிள்ளைகள் நாங்கள் அதற்கு வைத்த பெயர் பொண ஜீப். சத்தம் கேட்டவுடன் இரும்பைத் தொட வேண்டும், அது கண்ணை விட்டு மறையும் வரை கையை எடுக்கக் கூடாது. இது நாங்களாகக் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. இரும்பைத் தொட்டால் காத்துக் கருப்பு அண்டாது என்று சொல்லிக்கொடுத்தவள் என் அம்மாதான். ஜன்னல் கம்பி, தெருக்குழாய், எது கிடைத்தாலும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வோம். ஒருமுறை மார்க்கெட் பக்கம் தனியாக மாட்டிக்கொண்டேன். கைக்கு எட்டிய தூரத்தில் இரும்பென்று இருந்தது முன்பின் தெரியாத ஒருவரின் சைக்கிள்தான். அவர் ஏறி மிதிக்கப் போகிற நேரத்தில் கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் திட்டினார். அதற்குள் ஜீப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டது. ஜீப்காரர் தலையை நீட்டி, "இன்னா பாப்பா, வூட்டுக்கா? வா, ஏத்திகினு போறேன்" என்றார்.

அன்று இரவு எனக்கு ஜுரம். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டானே என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். வெயிலில் நடந்துபோகிற குழந்தையை ஒரு மனிதர் வண்டியில் ஏறச் சொன்னார், அவ்வளவுதான். இது எனக்கு உறைக்க எத்தனை வருஷமாயிற்று பாருங்கள்.

சிவப்புக் கார் ஆடி மாதத்தில் வந்தது. பாவா ஆர்.கே.பேட்டையில் கைலி போடுகிற பவர்லூம் வைத்திருந்தார். அவரிடம் சரக்கு எடுக்கிற மெட்ராஸ் ஏற்றுமதி கம்பெனியில் ஒரு துரை இருந்தார். அவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன கார் அது. இரண்டே சீட்டு. சக்கரத்தில் சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிகள், வெள்ளிபோல மின்னும். மேல்துணியைப் பின்னால் தள்ளினால் தேர் மாதிரி திறந்துகொள்ளும். சீட்டுக்குப் பின்னால் ஒரு துணிமூட்டை வைக்கிற அளவுக்கு ஓர் இடுக்கு. அந்த இடுக்குக்குச் சரியான அளவில் ஊரிலேயே நான் ஒருத்திதான் இருந்தேன்.

கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள் மலைக்கு மேலே கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். கார் அவ்வளவு தாழ்வு. குருக்கள் கோலம் போடுகிறவரைப்போல மடங்கித்தான் சந்தனம் வைத்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். காவடி எடுத்துவிட்டு இன்னும் ஊருக்குப் போகாத ஜனங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் மஞ்சள் வேட்டி கட்டிய, மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒருவர் மெதுவாக முன்னால் வந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். குழந்தை கன்னத்தைத் தடவுகிற மாதிரி தடவினார். பாவா, "யோவ்! கைய எடுய்யா! பெயின்ட்டு பூடும்!" என்று போட்ட கூச்சலில் நானே அதிர்ந்துபோனேன். அந்த மனிதர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். எதற்காகக் கையைத் துடைத்தார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குள் இதே பேச்சுதான், காரா ஜீப்பா என்று. எல்லோரும் கார் கட்சி. ஆனால் உங்களிடம் ஒளிப்பானேன், காரும் எனக்குப் பயம்தான். ஒருநாள் அரக்கோணம் ரோட்டில் என்னையும் அக்காவையும் வைத்துப் பாவா ஓட்டினார். ஜீப்பில் உட்கார்ந்தவனை ஊரே பார்க்கலாம். இந்தக் காரில் உட்கார்ந்தால் ஊர் மேலே போய்விடுகிறது, நாம் பள்ளத்தில் இறங்கிவிடுகிறோம். எதிரில் வந்த லாரியின் சக்கரம் என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு போயிற்று. அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். அப்போது அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

சீமந்தம் முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பழைய மரப்பெட்டியின் இரும்புச் சாவி ஒன்றை, என் உள்ளங்கை நீளம் இருக்கும், அம்மா அவள் இடுப்பில் செருகிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி இரும்பு இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. அதோடு விடவில்லை. ஜீப்காரரிடம் போய்ச் சொல்லும்படி நைனாவை நச்சரித்தாள். நைனா கூச்சப்பட்டுக்கொண்டே போனார், நானும் கூடப் போனேன்.

"வூட்ல பொண்ணு மாசமா கீது. பொறக்கற வரைக்கும் நம்ம தெரு வழியா வண்டிய..."

"ஆங், சரிங்க" என்றார் ஜீப்காரர். நைனாவை முழுசாகச் சொல்லவிடவில்லை. அதற்குப் பிறகு அவர் வண்டி எங்கள் தெருவுக்குள் வரவேயில்லை, சுற்றிக்கொண்டு போனது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றது. மலையே தெரியவில்லை, மேகத்துக்குள் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு விடியலில் அக்காவுக்கு வலி எடுத்தது. நர்சம்மா வந்து பார்த்துவிட்டு நைனாவை வெளியே கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன்.

"கொழந்த குறுக்கால கீதுங்க. இங்க முடியாது, ஆபரேஷன் பண்ணணும். சீக்கிரமா அரக்கோணத்துக்கு இட்டுகினு போங்க. லேட்டாச்சுன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

ரெண்டு உசுரு. அந்த வார்த்தை அன்று முழுக்க என் கூடவே வந்தது.

தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. நைனா குடையை எடுத்துக்கொண்டு டாக்சி தேடப் போகிற நேரத்தில், மாதக்கணக்காகக் கேட்காத அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். ஜீப்காரர் வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டு நடந்து வந்து எங்கள் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"கேள்விப்பட்டேங்க. வண்டி கீது. இப்பவே பொறப்பட்டா தரைப்பாலத்த தாண்டிடலாம். நான் இட்டுகினு போறேன்மா."

அம்மா வெளியே வந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"எம் பொண்ணு இன்னும் சாவல. நீ போ."

நைனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஜீப்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் கண்டக்டரிடம் பாவாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த மழையில் டாக்சி எதுவும் கிடைக்கவில்லை, சிவப்புக் காருக்காகக் காத்திருந்தோம். உள்ளே அக்கா கத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் கத்துவதையும் நிறுத்திவிட்டாள், அது இன்னும் பயமாக இருந்தது. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து, "வந்துருவாரு, வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

பாவா வரும்போது உச்சிப்பொழுது. அக்காவைத் தூக்கி சீட்டில் வைத்தார்கள். அம்மா கூட வர வேண்டும், ஆனால் எங்கே உட்காருவாள்? அந்த இடுக்கில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள், இடுப்பு நுழையவில்லை. எல்லோருடைய கண்ணும் என்மேல் திரும்பியது. அடுத்த நொடி என்னை உள்ளே திணித்துவிட்டார்கள். "அக்கா கைய வுடாத. எப்படியாச்சும் நான் பின்னாலயே வந்துடறேன்" என்றாள் அம்மா. ஒரு பிரசவத்துக்குத் துணையாக ஒன்பது வயதுப் பெண்ணை அனுப்பினார்கள். அந்தக் காரில் வேறு யாருக்கும் இடமில்லை என்பதுதான் காரணம்.

மேல்துணியின் தையல்களில் தண்ணீர் ஒழுகியது. அக்காவின் விரல்கள் என் விரல்களை நசுக்கின. ரோடு ஆறாக ஓடியது, கார் அதன்மேல் வயிற்றால் ஊர்ந்துகொண்டு போனது. தரைப்பாலத்துக்கு வந்தபோது பாலத்தைக் காணோம். வெயில் நாளில் ஆடு படுத்திருக்கிற ஓடை அது. இப்போது செம்மண் தண்ணீர் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகச் சுழித்துக்கொண்டிருந்தது, ஓரக் கற்களின் வெள்ளைத் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. பாவா நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். பிறகு விட்டார். கொஞ்ச தூரம்தான். கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. காலடியில் தண்ணீர் வந்தது.

பாவா இறங்கித் தோள் கொடுத்துப் பின்னால் தள்ளினார். நானும் இறங்கித் தள்ளினேன். லேசான கார், கரைக்கு வந்துவிட்டது. பானெட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றி எதை எதையோ துடைத்தார். சாவியைத் திருப்பினார். திரும்பவும் துடைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்தப் பெரிய மனிதர் சக்கரத்துக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அக்கா கத்தியதுகூட இல்லை, தண்ணீர்கூட இல்லை, அவர் அழுததைப் பார்த்துத்தான் எனக்கு இனி யாருமில்லை என்று புரிந்தது.

அப்போது அக்கரையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

என் கை தானாகக் காரின் சக்கரக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஜீப் தண்ணீரில் இறங்கியது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை, உழவு மாடு சேற்றில் போகிறதைப்போல வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேடேறி எங்கள் பக்கத்தில் நின்றது. ஜீப்காரருக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள். நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் நசுங்கின பூ. பின்னால் பலகையின் மேல் வெள்ளைத் துணியில் சுற்றி நீளமாக ஒன்று.

எங்கள் வாசலிலிருந்து திரும்பிப் போனவருக்கு அதற்குள் வேறு சவாரி வந்திருக்கிறது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவுக்காரர் ஒருவர் நெஞ்சுவலி என்று அரக்கோணத்தில் சேர்த்த இடத்தில் அன்று காலை போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைத்தான் அவர் மனைவியோடு ஊருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

ஜீப்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா கண்ணை மூடியிருந்தாள், உதடு வெளுத்திருந்தது. அவர் திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார். பேச வாயெடுத்து, முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். எப்படிக் கேட்பார்? பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ண வேண்டிய உடம்பு.

பாவா எழுந்து கைகூப்பினார். "யம்மா, எம் பொண்டாட்டிம்மா. கொழந்த குறுக்கால..." அதற்கு மேல் வரவில்லை.

அந்த அம்மாள் பின்னால் திரும்பி வெள்ளைத் துணியைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

"எறக்குண்ணா" என்றாள் ஜீப்காரரிடம். "இவரு காத்துகினு இருப்பாரு. கொழந்த காத்துகினு இருக்குமா?"

"மழையில எங்கம்மா எறக்குறது?"

"அந்தக் கார்ல ஒக்கார வையி. எங்க வழக்கத்துல ஒக்கார வெச்சித்தான் எடுப்போம். தப்பில்ல."

அக்காவைத் தூக்கி ஜீப்பின் பலகைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பலகையின் மேல் அவளைப் படுக்க வைக்கும்போது, "அக்கா, அது பொண ஜீப்பு!" என்று நான் கத்தினேன். அவள் கண்ணைத் திறந்தாள். இடுப்பிலிருந்து சாவியை உருவி என் கையில் வைத்து, "நீ வெச்சிக்கடி. இந்த வண்டியே இரும்புதான்" என்றாள். அவ்வளவு வலியிலும் சொன்னாள்.

நானும் ஏறப் போனேன். ஜீப்காரர் தடுத்தார். "பாப்பா வோணாம் சார். தண்ணி ஏறிகினு கீது, கதவில்லாத வண்டி. நீங்க அவுங்கள புடிப்பீங்களா, இத புடிப்பீங்களா?" பாவா என்னைப் பார்த்தார். "பெரிம்மாகூட இரு. வந்துடறேன்" என்றார். ஜீப் தண்ணீரில் இறங்கி, நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, அக்கரை ஏறி மறைந்தது.

சிவப்புக் காரில் மூன்று பேர் இருந்தோம். ஓட்டுகிற சீட்டில் அந்தப் பெரிம்மா, பக்கத்து சீட்டில் அவர். பின்னால் இடுக்கில் நான். தாடையைச் சுற்றிக் கட்டிய துணி உச்சந்தலையில் முடிச்சாக எனக்கு ஒரு முழத்தில் இருந்தது. தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துவரும், பெரிம்மா நிமிர்த்தி வைப்பாள். மேல்துணி ஒழுகி அவர் நெற்றியில் சொட்டும், முந்தானையால் துடைப்பாள். கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டு வெளுத்துப்போனது. மூன்று பேரில் இரண்டு பேருடைய மூச்சுதான் அது என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பயமா கீதா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"எனக்கும்தான். வூட்ல உன் வயசுல ஒரு பொண்ணு கீது. அப்பா வருவாருன்னு ஒக்காந்துகினு இருக்கும். அதுகிட்ட இன்னா சொல்றதுன்னுதான் பயம்." ஸ்டியரிங்கைத் தொட்டு, "இது இன்னா காரு? செவப்பு காரா?" என்றாள். மழையில் அவள் கவனிக்கவே இல்லைபோல. ஆமாம் என்றேன்.

"மலையில ஒரு செவப்பு காரு பாத்தேன்னு வந்து சொன்னாரு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கப் போனாரே, அப்போ. தொட்டுப் பாத்தேன், வெண்ணெ மாதிரி வழவழன்னு இருந்திச்சின்னு வூட்ல அதே பேச்சு. தறியில ஒக்காந்துகினுகூட அதையே சொல்லிகினு இருந்தாரு." அவர் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? உள்ளயே ஒக்காந்துகினு கீற, ராசா மாதிரி."

பானெட்டின் மேல் வைத்த அந்தக் கையும், பாவாவின் கூச்சலும் எனக்கு ஞாபகம் வந்தன. கூச்சல் போட்டு விரட்டியதை அவர் வீட்டில் சொல்லவில்லை. தொட்டதை மட்டும் சொல்லியிருக்கிறார். நானும் சொல்லவில்லை. பிறகு, நானே எதிர்பார்க்காமல், முன்னால் எட்டி அவர் தோளைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை.

பின்னாலேயே வருகிறேன் என்ற அம்மாவைக் காணோம், வேறு வண்டியும் வரவில்லை. தண்ணீர் கரையேறி வந்துகொண்டிருந்தது. முதலில் சக்கரக் கம்பிகளில் சலசலப்பு. பிறகு கதவுக்கடியிலிருந்து ஒரு கோடு உள்ளே வந்தது. அவர் பாதம் நனைந்தது.

"நீ எறங்கி மேட்டுக்கு ஓடு பாப்பா. நான் இவர வுட்டு வர மாட்டேன்."

நான் ஓடவில்லை. அன்பினால் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மழையில் தனியாக அந்த மேட்டில் நிற்க அதைவிடப் பயம். இடுக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சாவியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, ரெண்டு உசுரு ரெண்டு உசுரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிம்மா இரண்டு கையாலும் அவர் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் சீட்டின் விளிம்பு வரை வந்தது. கார் லேசாக மிதந்து அசைந்தது. அப்படியே அசைந்துகொண்டிருந்தது. அதற்குமேல் ஏறவில்லை.

மழை விட்டு, தண்ணீர் வடிந்து, மேற்கே கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் வந்த பிறகு அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. சாவி என் கையிலிருந்து நழுவி இடுக்கில் விழுந்தது, நான் அதைத் தேடவில்லை. இறங்கி, சேற்றில் விழுந்து எழுந்து, ஜீப்பை நோக்கி ஓடினேன். ஜீப்காரர் என் தலையில் கை வைத்து ஒதுக்கிவிட்டு நேராகப் பெரிம்மாவிடம் போனார். முதலில் அவளிடம்தான் சொன்னார்.

"ரெண்டு உசுரும் நிக்குதும்மா. ஆம்பளப் புள்ள."

அவள் பக்கத்து சீட்டுக்குத் திரும்பி, சாய்ந்த தலையை நிமிர்த்தினாள். "யோவ், கேட்டுகினியா?" என்றாள். அதன் பிறகுதான், அன்று முழுவதும் அழாதவள், அழுதாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அக்கா படுத்துப்போன பலகையை நினைத்து அம்மா அவள் புடவையைக் கொளுத்தினாள். பிணம் உட்கார்ந்த காரைப் பாவா வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். சாவி அந்தக் காரின் இடுக்கில் எங்கேயோ விழுந்து காரோடு போய்விட்டது. குழந்தையைச் சிவப்புக் காரில் கொண்டுபோய்க் காப்பாற்றியதாகத்தான் ஊரில் சொன்னார்கள், வீட்டிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தப் பெரிம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நைனா ஒருநாள் ஆரம்பித்தார். சாவு வீட்டுத் தீட்டு கழியட்டும் என்றாள் அம்மா. பிறகு பெயர் சூட்டல் வந்தது, பிறகு பொங்கல் வந்தது. எந்தத் தெரு, எந்த வீடு என்றுகூட யாரும் ஜீப்காரரிடம் கேட்கவில்லை.

அந்தப் பையனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. மேடு பள்ளமெல்லாம் ஏறுகிற உயரமான புது வண்டி வாங்கினான். போன தை மாதம் அதில் பூஜை போட மலைக்குக் கிளம்பினோம். முன்னால் அவனும் அக்காவும், பின்னால் நான். நல்ல நேரம் முடிவதற்குள் மேலே போக வேண்டும். மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் குறுகல் தெருவில் எதிரே ஓர் அமரர் ஊர்தி வந்து நின்றுவிட்டது. இரண்டில் ஒன்று பின்னால் போனால்தான் வழி. அவன் ஹாரன் அடித்தான். நல்ல காரியத்துக்குப் போகும்போது இதுவா எதிரில் வரணும் என்று முணுமுணுத்தான். என் கை, இந்த வயதிலும், தானாகக் கதவின் இரும்பைத் தேடியது.

அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"பின்னாடி எடு" என்றாள்.

"நமக்கு நேரமாவுதும்மா. அவங்க போவட்டும் பின்னாடி."

"எடுடா. அவங்க நமக்கு வுட்டாங்க."

"யாரும்மா?"

அக்கா நெஞ்சுக்கு நேரே கைகூப்பியிருந்தாள். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், பிறகு கியரை மாற்றி வண்டியைப் பின்னால் எடுத்தான்.